இயந்திரத்துக்கு ஓர் ஆடை



பொருளைச் செய்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். இவ்விருவருக்குமிடையே நின்று, அப்பொருள் எவ்வடிவினதாய் இருத்தல் வேண்டும் எனச் சிந்திப்பதற்கென்றே மூன்றாமவர் ஒருவர் ஊதியம் பெறுவது சென்ற நூற்றாண்டிலே பெருவழக்காயிற்று. இதனை வீண் செலவென்று கருதும் வணிகர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் பொருட்டு, றேமண்ட் லோவி என்பாரின் தொழிலைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

1893இல் பாரிசு நகரிலே பிறந்த லோவி, 1919இல் நியூ யோர்க் சென்று, பத்திரிகைகளுக்கும் பெருங்கடைகளுக்கும் சித்திரம் வரைந்து வாழ்ந்தார். 1929இல் சிக்மண்ட் கெஸ்டட்னர் என்னும் பிரித்தானிய உற்பத்தியாளர், தமது படிப்பெருக்கி இயந்திரத்தின் தோற்றத்தைத் திருத்தித் தருமாறு அவரைக் கேட்டார். கெஸ்டட்னர் நம் பாடசாலைகளுக்குப் புதியவரல்லர். மெழுகுத்தாளில் எழுத்தைப் பொறித்து, உருளையிற் சுற்றி, கைபிடியைச் சுழற்றினால் வினாத்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். நாம் அதனையும் றோனியோ என்றே அழைத்தோம். அது போட்டிக் கம்பனியின் பெயர் என்பதை யார் கருதினர்! மை மணம் மாறாத அத்தாளைக் கையில் வாங்கி நடுங்கிய தலைமுறைகளுள் என் தலைமுறையும் ஒன்று.

அந்நாளைய இயந்திரத்திற் பற்சக்கரங்கள் வெளியே தெரிந்தன. மையும் தூசியும் அவற்றிற் படிந்தன. நான்கு கால்களும் வெளிப்புறமாக நீண்டிருந்தன. கந்தோரில் விரைந்து நடக்கும் தட்டெழுத்தாளர் எவரும் அவற்றில் இடறி விழக்கூடும் என்பதை லோவி கண்டார். தவணையோ மூன்றே நாட்கள். களிமண்ணை இயந்திரத்தின் மேலேயே அப்பி, உறுப்புகளை மூடும் உறையொன்றை உருவாக்கினார், கால்களையும் ஒடுக்கினார். ஏற்றுக்கொண்டால் 2,000 டொலர், இல்லையேல் 500 என்பதே பேச்சு என்று தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

உள்ளிருக்கும் பொறி மாறவில்லையே, இது வெறும் அலங்காரமன்றோ எனக் கேட்கலாம். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. பின்னர் இவர் பென்சில் சீவும் கருவியைக்கூட நீர்த்துளி போல வளைத்துப் பளபளக்கச் செய்தார். மேசையிற் பூட்டிய கருவி காற்றைக் கிழித்துக்கொண்டு எங்கே ஓடப்போகின்றது? நல்லவேளை, அது சந்தைக்கு வரவில்லை.

புகையிரத எஞ்சின் கதை வேறு. பென்சில்வேனியா புகையிரதக் கம்பனியின் ஜீஜீ1 மின் எஞ்சினின் முதல் மாதிரியில் தகடுகள் தறையாணிகளாற் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றவைத்து இணைத்தால் ஆயிரக்கணக்கான ஆணிகள் மிச்சமாகும், உடலும் வழுவழுப்பாகும் என்றார் லோவி. கம்பனி இணங்கியது. மொத்தம் 139 எஞ்சின்கள் செய்யப்பட்டன. கடைசியானவை 1983 வரை ஓடின. அடிப்படை உருவத்தை வரைந்தவர் டொனல்ட் டோனர்; புகழ் முழுவதும் லோவிக்கே சென்றதை நான் நியாயமென்று கொள்ளேன்.

1973இல் விண்ணுக்கு ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்துக்கும் லோவியின் அலுவலகத்தார் ஆலோசனை கூறினர். ஒவ்வொருவருக்கும் தனித்துறங்க ஓர் இடமும், வெளியே நோக்க ஒரு சாளரமும் வேண்டும் என்றனர். சாளரம் கட்டமைப்பைப் பலவீனமாக்கும் எனப் பொறியியலாளர் தயங்கினர். எனினும் அது வைக்கப்பட்டது. இறுதிக் குழுவினர் மூவரும் 84 நாட்கள் அங்கே வாழ்ந்தனர். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் விண்வெளி வீரர்கள் நாடிச் சென்றது, பூமியைக் காட்டிய அந்தச் சாளரத்தையே.