முதலில் அடைக்கலம், பிறகு உபதேசம்



வீட்டில் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்தவுடன் அறிவுரைகளும் வரிசையாக வந்துவிடும். தினமும் தேவாரம் படி, விடியற்காலையில் குளித்து விளக்கேற்று, நல்லதையே நினை என்பார்கள். எல்லாம் அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆனால், கர்ப்ப காலச் சமயக் கல்வி தாய்க்கு ஆறுதலாக இருக்கிறதா, அல்லது இன்னொரு சுமையாகிறதா என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது பிரகலாதன் கதை. பாகவத புராணம் சொல்வதைக் கவனியுங்கள். இரணியன் தவத்திற்குச் சென்றிருந்தபோது, கர்ப்பிணியான அவன் மனைவி கயாதுவை இந்திரன் இழுத்துச் செல்கிறான். நாரதர் வழிமறித்து அவளை விடுவிக்கிறார். கணவன் திரும்பும்வரை தம் ஆசிரமத்தில் அச்சமின்றித் தங்கியிருக்கச் சொல்கிறார். அதன் பிறகுதான் உபதேசம் நடக்கிறது. முதலில் அடைக்கலம், பிறகு உபதேசம். கதையைச் சொல்லும் பலரும் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

அபிமன்யு கதையோ வேறுவிதமாகப் பயன்படுகிறது. சுபத்திரை பாதியில் உறங்கிவிட்டதால்தான் பிள்ளை சக்கர வியூகத்திலிருந்து வெளியேறும் வழியை அறியவில்லை என்று மக்கள் வழக்கில் சொல்வார்கள். களைத்துப் போன கர்ப்பிணியிடம் இதைச் சொன்னால், கண்ணயர்வதே குற்றம் என்று அவள் அஞ்சமாட்டாளா?

அறிவியல் என்ன சொல்கிறது? கருவிலுள்ள குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து ஒலி கேட்கத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகின்றன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினர். 1986-இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் செய்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்கள் தாய்மார்கள் ஒரு கதைப் பகுதியைத் தினமும் வாய்விட்டுப் படித்தனர். பிறந்த குழந்தைகள் வேறு பகுதியைவிட அதையே விரும்பின.

ஆக, தாய் பாடும் பதிகத்தின் ஓசை குழந்தையை எட்டுகிறது. பிறந்த பின் அதே ஓசை பழகிய ஒன்றாக இருக்கும். ஆனால் பொருள் புரிவதில்லை. பதிகம் கேட்டதால் பிள்ளை மேதையாகும் என்பதற்கும் சான்றில்லை. வயிற்றின் மேல் ஒலிபெருக்கியை வைக்கவும் தேவையில்லை. தாயின் குரல் அவள் உடல் வழியாகவே சேயை அடைகிறது.

குரல் மட்டுமல்ல, தாயின் மனநிலையும் சேயைத் தொடுகிறது. நீடித்த கடும் மன உளைச்சலுக்கும் குறைமாதப் பிரசவத்திற்கும் எடை குறைந்த பிறப்பிற்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாலையில் தேவாரம் படிக்கச் சொல்லிவிட்டு, இரவில் அவள் காதுபடச் சண்டையிடும் வீட்டில் என்ன சமயக் கல்வி நடக்கும்?

எனவே, பாடம் தாய்க்கு மட்டுமல்ல, வீடு முழுவதற்கும்தான். கணவன் அருகில் அமர்ந்து ஒரு பாடல் பாடட்டும். மாமியார் அடுப்படி வேலையில் பாதியை ஏற்கட்டும். தைப்பூசமோ நவராத்திரியோ, விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கட்டும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசாதம் போல் தவறாமல் உட்கொள்ளட்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் சோகமும் தூக்கமின்மையும் நீடித்தால், சாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் தாதியிடம் சொல்லுங்கள். பிரார்த்தனையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வளைகாப்பு அன்று கை நிறைய வளையல் அடுக்குகிறோம். அந்த ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள் பெரியவர்கள். வளையல் ஓசையோடு தாயின் சிரிப்பொலியும் கேட்கட்டும். நாரதர் கயாதுவுக்கு முதலில் கொடுத்த அடைக்கலத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமும் கொடுப்போம்.