வானத்து ஒளிகளும் மனிதரின் நம்பிக்கையும்



புத்தளம் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போமாயின், கற்பிட்டித் தீபகற்பம் வடக்கு நோக்கி நீட்டிய விரலைப்போலத் தோன்றும். அவ்விரலின் ஒரு புறம் புத்தளம் களப்பு. மறு புறம் பெருங்கடல். அந்நிலத்து ஊர்களுள் ஒன்று எத்தாளை. அங்கு வாழ்வோர்க்கு வானம் நகரத்தாரின் வானத்தினும் பெரிது. மேற்கே மலை மறைப்பதில்லை, மாடங்கள் மறைப்பதில்லை. கடற்கரையில் நின்றால், ஞாயிறு நீரினுள் இறங்குவதை இறுதிக் கணம்வரை காணலாம்.

இத்தகைய கரையிலே, ஷஃபான் மாதத்து இருபத்தொன்பதாம் நாள் மாலையில் நோன்பின் தலைப்பிறை தெரிகின்றதா என்று மேற்கு வானத்தை நோக்குவது முஸ்லிம் மக்களின் வழக்கம். கண்டவர் பள்ளிவாசலுக்கு அறிவிப்பர். செய்தி கொழும்புப் பெரிய பள்ளிவாசலைச் சென்றடையும். அங்கே கூடியிருக்கும் உலமாக்கள் சாட்சியத்தை ஆராய்ந்து முடிவு கூறுவர். எவ்விடத்தில் நின்று கண்டீர்? ஞாயிறு மறைந்து எவ்வளவு நேரத்தின் பின்? பிறையின் முனைகள் எப்பக்கம் நோக்கின? உம்மோடு கண்டவர் யாவர்? இவ்வாறெல்லாம் வினவுதற்கு இடமுண்டு. பிறை காணப்படாவிடின், நடப்பு மாதம் முப்பது நாளாக நிறைவு செய்யப்படும்.

வானத்திலே ஓர் ஒளி தெரிகின்றது. அதனைக் கண்டேன் என்கிறார் ஒருவர். அவர் சொல்லை எவ்வாறு ஏற்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நாடி இவ்வினாவே. பொருள் யாதெனில், பறக்குந் தட்டுகள் என்று வழங்கும் விந்தை ஒளிகளும், வேற்றுலக வாசிகள் பற்றிய எண்ணங்களும் சமய நம்பிக்கையோடு எவ்வாறு பின்னிக்கொள்கின்றன என்பது.

"பறக்குந் தட்டு" என்ற சொற்றொடர் பிறந்த வரலாறே சுவையானது. 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலே, கென்னத் ஆர்னோல்ட் என்னும் விமானி ரேனியர் மலைக்கு அருகே ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் விரைந்து செல்வதைக் கண்டதாகக் கூறினார். அவை எவ்வாறு சென்றன என்று கேட்டபோது, நீரின்மேல் வீசிய தட்டுத் தத்தித் தத்திச் செல்வதுபோல என்றார். நம் சிறுவர் களப்பிலே ஓட்டுச் சில்லை வீசித் தவளைக்கல் விடுவார்களே, அதனைத்தான் அவர் கருதினார். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதோ வடிவத்தை. அதன் பின்னர் உலகெங்கும் மக்கள் தட்டு வடிவத்திலேயே கண்டார்கள். கண் காண்பதற்கு முன்னரே காது கண்டுவிடுகின்றது!

இதனோடு பழைய இஸ்லாமிய வரலாற்று நூல்களிலே வரும் ஒரு கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நபிகளாரின் தோழருள் நெடுங்காலம் வாழ்ந்தவர் அனஸ் இப்னு மாலிக் அவர்கள். நூறு வயதை நெருங்கிய காலத்திலே, பிறை பார்க்கக் கூடியிருந்தோரிடையே, "அதோ கண்டேன்" என்று அவர் சுட்டிக் காட்டினாராம். வேறெவர் கண்ணுக்கும் எதுவுந் தெரியவில்லை. கூட்டத்திலே பஸ்றா நகரத்து நீதிபதி இயாஸ் இருந்தார். முதியவரின் புருவத்திலிருந்து ஒரு வெண்மயிர் வளைந்து கண்முன்னே தொங்குவதை அவர் கவனித்தார். மெல்லத் தம் விரலால் அதனை நீவி ஒதுக்கினார். "இப்போது காட்டுங்கள், பிறை எங்கே?" என்று கேட்டார். முதியவர் நோக்கினார், "காணவில்லையே" என்றார்.

அனஸ் அவர்களின் வாய்மையை அக்கூட்டத்தில் எவரும் ஐயுற்றாரில்லை. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு வெள்ளைக் கீற்றைக் கண்டார். நீதிபதி அவரை ஏளனஞ் செய்யவுமில்லை. அவரது பெருமைக்கு அஞ்சிப் பேசாதிருக்கவுமில்லை. வானத்தில் விந்தை கண்டேன் என்று வருவோரிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இனி, இரு வினாக்களைப் பிரித்துக் காண வேண்டும். வேற்றுலகங்களில் உயிர்கள் உண்டோ என்பது ஒன்று. நேற்றிரவு கடலுக்கு மேலே தெரிந்த ஒளி யாது என்பது மற்றொன்று. முதலாவதற்கு "உண்டு" என்று நாளையே விடை கிடைத்தாலும், இரண்டாவதற்கு அது சான்றாகாது. நேற்றைய ஒளி வெள்ளிக் கோளாக இருக்கலாம், விண்கல்லாக இருக்கலாம், 2019ஆம் ஆண்டு முதல் ஒரே வரிசையாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் துணைக்கோள்களாகவும் இருக்கலாம். மணிகோத்த மாலைபோல அவை செல்வதை முதன்முறை காண்பவர் திகைப்பது இயல்பே. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா அமைத்த குழு 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தோற்றங்கள் வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று காணப்படவில்லை என்றே கூறிற்று.

இவ்விரு வினாக்களும் கலக்கும் இடத்திலேதான் சமயம் தடுமாறுகின்றது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. புத்தளத்திலிருந்து கிழக்கே செல்லும் வீதி அனுராதபுரத்தை அடையும். அங்கே திசாவாவியின் அருகே ரன்மசு உயன என்னும் பழம் பூங்காவிலே, பாறையொன்றில் வட்டமான ஒரு வரைவு செதுக்கப்பட்டிருக்கின்றது. மீன்களும் ஏனைய நீர்வாழ் உயிர்களும் அதன் ஓரத்திலே காணப்படும். சக்வல சக்கரம் என்பது அதன் பெயர். தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல் அதனைப் பழைய உலகப் படமாக இருக்கலாமென்று கருதினார். சக்வல என்ற சொல் பௌத்த நூல்கள் கூறும் சக்கவாளம், அதாவது உலகத் தொகுதி. அண்மைக் காலத்திலோ, அது வேற்றுலக வாசிகள் வந்திறங்கும் "நட்சத்திர வாயில்" என்றொரு கதை உலகெங்கும் பரவிவிட்டது. அண்டத்தின் அமைப்பைத் தியானித்த ஒரு மரபின் எச்சம் நிலையத்துக் கதவாகக் குறுகிப்போயிற்று. இது பெருமையா, சிறுமையா?

இராவணனுடைய புஷ்பக விமானமும் அவ்வாறே. இலங்கையின் முதலாவது சிறு துணைக்கோளுக்கு 2019இல் "இராவணா-1" என்று பெயரிட்டார்கள். அது அழகிய பெயர்தான். ஆனால் 2020இலே, இராவணனின் விமானப் பயணம் பற்றிய ஆவணங்கள் இருப்பின் தந்துதவுமாறு அரசின் விமானப் போக்குவரத்துத் துறை பொதுமக்களைக் கேட்டு விளம்பரம் செய்தது. காவியத்தை இயந்திரக் கையேடாகப் படிக்கும் இப்போக்கு இந்தியாவிலும் உண்டு. வைமானிக சாஸ்திரம் என்பது பரத்துவாச முனிவர் இயற்றியதென்று கூறப்படும் நூல். 1918க்கும் 1923க்கும் இடையில் சுப்பராய சாஸ்திரி என்பார் வாய்மொழியாகச் சொல்ல எழுதப்பட்டது அது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்து அறிஞர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்து, அதில் வருணிக்கப்படும் ஊர்திகள் பறக்கவியலாதவை என்று முடிவு கூறினர். அதனால் இராமாயணத்துக்கு இழுக்கு ஏதேனும் நேர்ந்ததா? இல்லை. வான்மீகியும் கம்பரும் பொறியியல் சொல்ல வந்தவரல்லர்.

வேற்றுலக வாசிகளே பண்டைத் தெய்வங்கள் என்று 1968இல் நூல் எழுதிப் பெரும்புகழ் பெற்றவர் சுவிற்சர்லாந்தின் எரிக் வொன் டானிக்கன். அவர் வழி நிற்போர் தாம் சமயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் தருவதாக எண்ணுகின்றனர். உண்மையில், வணங்கத்தக்கதை வெறுஞ் சுற்றுலாப் பயணியாக்கி விடுகின்றனர் என்றே நான் கூறுவேன். மற்றுஞ் சிலர் இவ்வொளிகளை ஜின்கள் என்று சொல்லி அமைதி அடைகின்றனர். ஜின்கள் உளர் என்று நம்புவது ஒருவரது மார்க்கம். இந்த ஒளி ஜின்தான் என்று துணிவதோ சாட்சியமில்லாத் தீர்ப்பு.

இவையெல்லாம் தீங்கற்ற வேடிக்கைகள் என்று தள்ளிவிடவும் இயலாது. 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, ஹேல்-பொப் வால்வெள்ளி வானில் ஒளிர்ந்த நாள்களில், கலிபோர்னியாவில் "சுவர்க்க வாயில்" என்னும் குழுவினர் முப்பத்தொன்பது பேர் ஒருசேர உயிர் நீத்தனர். அவ்வால்வெள்ளியின் பின்னே தம்மை ஏற்றிச் செல்ல ஒரு விண்கலம் வருகின்றதென்று அவர்கள் நம்பினார்கள். தொலைநோக்கி வழியாக நோக்கியும் கலம் தெரியாதபோது, அவர்களின் ஐயம் தொலைநோக்கியின் மேல்தான் சென்றது. நம்பிக்கையின் மேற் செல்லவில்லை. புருவ மயிரை நீவிவிட ஓர் இயாஸ் அங்கே இல்லாது போனார்.

அப்படியாயின், வேற்றுலகில் உயிர் உண்டோ என்ற முதல் வினாவுக்குச் சமயங்கள் அஞ்ச வேண்டுமா? அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிலே மாணிக்கவாசகர், எண்ணிறந்த அண்டங்களை இறைவன்முன் கதிரொளியில் மிதக்கும் நுண்ணணுக்களாகக் கண்டார். அங்குத்தர நிகாயம் ஆயிரம் ஞாயிறும் ஆயிரம் திங்களும் கொண்ட உலகத் தொகுதியைப் பேசுகின்றது. அல்குர்ஆனின் நாற்பத்திரண்டாம் அத்தியாயம் வானங்கள், பூமி ஆகிய இரண்டிலும் உயிரினங்கள் பரப்பப்பட்டிருப்பதைக் குறிக்கின்றது. இறைவன் பல உலகங்களைப் படைக்க வல்லவன் என்று பக்ருத்தீன் அர்ராஸி வாதித்தார். அவர் மறைந்தது 1210இல். கத்தோலிக்கருள், கூசா ஊர் நிக்கலஸ் பிற விண்மீன்களிலும் வாழ்வோர் இருக்கலாமென்று 1440இலேயே எழுதினார். எட்டாண்டுகளின் பின் அவர் கருதினாலாக உயர்த்தப்பட்டார். 1600இல் ஜியோர்தானோ புரூனோ எரிக்கப்பட்டதையும் மறைக்கலாகாது. அவர்மேற் சுமத்திய குற்றங்களுள் பல உலகக் கொள்கையும் ஒன்று. ஆயினும் 2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவர் ஹோசே கபிரியேல் பூனெஸ் அடிகளார், வேற்றுலகத்தாரும் நம் உடன்பிறப்புகளே என்று வத்திக்கான் நாளேட்டிலேயே கூறினார்.

அஞ்ச வேண்டியதில்லை என்றேனேயன்றி, எளிது என்று சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டில்லியிலே நடந்த ஒரு வாதம் அதன் கடினத்தைக் காட்டும். முகம்மது நபியவர்களைப் போன்ற மற்றொருவரைப் படைத்தல் இறைவனுக்கு இயலுமோ என்று அறிஞர்கள் இரு பக்கமாகப் பிரிந்தனர். இயலாதென்றால் இறைவனின் வல்லமை குறையும். இயலுமென்றால் இறுதி நபி என்ற சிறப்பு என்னாவது? இயலாது என்ற பக்கத்தில் நின்ற பஸ்லே ஹக் கைராபாதி, தம் நண்பராகிய கவிஞர் காலிபை அக்கருத்தைப் பாடித் தருமாறு வேண்டினார். காலிப் பாடினார், ஆனால் ஒரு புது வழியைக் கண்டார். இவ்வுலகுக்கு ஓர் இறுதி நபியே. இறைவன் நாடின் வேறு உலகங்களைப் படைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இறுதி நபியை அருளலாமே என்றார். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. காலிப் மேலுஞ் சில அடிகளைச் சேர்த்துத் தம் கருத்தைத் திருப்பிக்கொண்டார். பறக்குந் தட்டு என்ற சொல்லே தோன்றாத காலத்திலே, வானத்தில் ஓர் ஒளியைக்கூடக் காணாமல், தம் சமயத்தின் உள்ளிருந்தே அவர்கள் இவ்வினாவை அடைந்தார்கள் என்பது எண்ணத்தக்கது. கிறித்தவர்க்கும் இத்தகைய முடிச்சு உண்டு: மீட்பு ஒருமுறை இப்புவியில் நிகழ்ந்ததெனின், பிற உலகத்தார்க்கு அது எவ்வாறு சேரும்?

1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் வேறு முடிவை எதிர்பார்த்தார். சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் மனத்திற்கொண்டு 1979இல் அவர் வெளியிட்ட புதினத்திலே, வேற்றுலகத்திலிருந்து வரும் ஓர் ஆய்வுக்கலம் மனிதரோடு உரையாடி அவர்களின் இறைக் கொள்கையைத் தர்க்கத்தால் தகர்த்துவிடுகின்றது. கிளார்க்கின் கற்பனைக்கு நான் தலைவணங்குவேன். இவ்விடத்தில் மட்டும் உடன்படேன். தர்க்கத்தால் சமயத்தை மறுத்தோர் இம்மண்ணிலேயே ஈராயிரம் ஆண்டுகளாக உளர். அவர்களுக்கு விடை கூறியே நம் சமயங்கள் வளர்ந்தன.

ஞாயிறன்றிப் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுள் முதலில் உறுதியானவை 1992இல் அறியப்பட்டன. 2025ஆம் ஆண்டுக்குள் அவற்றின் தொகை ஆறாயிரத்தைக் கடந்துவிட்டது. அவற்றுள் ஒன்றிலேனும் உயிர் இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் புவிக்கு அப்பாற் செல்லும் மனிதனுக்குரிய சமய ஒழுக்கம் எழுதப்பட்டே விட்டது. 2007ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, நோன்பு மாதத்தின் இறுதி நாள்களில், மலேசியாவின் மருத்துவர் ஷேக் முஸாபர் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அந்நாட்டு உலமாக்கள் அவருக்காக ஒரு வழிகாட்டி வகுத்தனர். நாளொன்றுக்குப் பதினாறு முறை ஞாயிறு உதிக்கும் அவ்விடத்தில், புறப்பட்ட ஊராகிய பைக்கனூரின் நேரத்தையே கொண்டு ஐவேளைத் தொழலாம். நோன்பைத் திரும்பிய பின் நோற்கலாம். தொழும்போது இயலுமாயின் கஃபாவை நோக்குக. அன்றேல் அதற்கு நேராக விண்ணிலுள்ள இடத்தை. அதுவும் இயலாவிடின் பூமியை. எதுவும் இயலாதபோது எத்திசையையும் நோக்கலாம் என்று அவ்வழிகாட்டி கூறிற்று.