முன்னேற்றத்தை அளக்கும் கோல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சமுதாயம் எவ்வளவு முன்னேறியுள்ளது என்று நம்மை நாமே வினவிக் கொள்ளும் நாள். அவ்வினாவுக்கு விடை கூறுமுன், எந்தக் கோலால் அளப்பது என்பதை முடிவு செய்தல் வேண்டும். களத்துமேட்டில் நெற்கூலி வாங்கிய நம் முன்னோர், மரக்கால் யார் கையில் உள்ளதோ அவர் சொல்வதே கணக்கு என்பதை நன்கு அறிந்திருந்தனர். நாட்டின் முன்னேற்றக் கணக்கிலும் நிலைமை அதுவே.

நாடுகளின் வளர்ச்சியை நெடுங்காலம் நாட்டு வருமானம் ஒன்றைக் கொண்டே அளந்தனர். அமெரிக்க நாட்டின் வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்னும் அறிஞரே, மக்களின் நல்வாழ்வை அவ்வருமானத்தைக் கொண்டு அறிந்துவிட முடியாது என்று 1934 ஆம் ஆண்டில் எச்சரித்தார். 1979 இல் மோரிஸ் என்பவர் குழந்தை இறப்பு, ஆயுள், எழுத்தறிவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு வாழ்க்கைத் தரக் குறியீட்டை அமைத்தார். 1990 இல் பாகிஸ்தான் அறிஞர் மஹ்பூப் உல் ஹக், நம் நாட்டு அமர்த்தியா சென் ஆகியோரின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. நீண்ட நலவாழ்வு, கல்வி, தக்க வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றும் அதன் தலைப்புகள். பணத்தை மட்டும் எண்ணிய உலகம் மனிதனை எண்ணத் தொடங்கியது. இது பெரிய மாற்றம். நாம் வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆயினும், இக்குறியீடு ஒரு நாட்டின் சராசரியைச் சொல்வது. சராசரி என்னும் போர்வைக்குள் நம்மவர் மறைந்து போகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பட்டியல் சாதியாரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 73 ஆகக் குறைகிறது. அவருள்ளும் பெண்களை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 66 ஆகிறது. கணக்கு ஒன்றே; தலைப்பைப் பிரிக்கப் பிரிக்க, மறைந்திருந்தோர் வெளியே வருகின்றனர். நமக்குள்ளும் இவ்வாறு பிரித்துப் பார்க்கும் துணிவு வேண்டும். நம்முள் பின்தங்கி நின்ற அருந்ததியரின் நிலையைத் தனியே நோக்கியதாலன்றோ 2009 இல் அவர்களுக்கு உள் ஒதுக்கீடு கிடைத்தது!

இனி, எந்தக் குறியீட்டிலும் இடம்பெறாத ஒன்றைக் கூற விரும்புகிறேன். அது மதிப்பு.

1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையர் ஹட்டன், தாழ்த்தப்பட்ட வகுப்பார் யாவர் என அறியச் சில சோதனைகளை வகுத்தார். சாதி இந்துக்களுக்குப் பணிசெய்யும் நாவிதரும் தையற்காரரும் இவர்களுக்கும் பணி செய்கின்றனரா? சாலை, ஓடத்துறை, கிணறு, பள்ளி ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை உண்டா? கோயிலுக்குள் நுழையலாமா? இவற்றோடு இன்னொரு சோதனையும் இருந்தது: இச்சாதியிற் பிறந்து நன்கு கற்ற ஒருவரை, அதே கல்வித் தகுதி பெற்ற உயர்சாதியார் அன்றாடப் பழக்கத்தில் நிகராக நடத்துகின்றனரா?

1936 இல் பட்டியல் சாதியார் ஆணை வெளிவந்தது. பட்டியல் நிலைத்துவிட்டது, கேள்விகள் மறைந்துவிட்டன. குடிக்கணக்கு நம் தலைகளை எண்ணுகிறது. நாம் எவ்வாறு நடத்தப்படுகிறோம் என்று அது கேட்பதில்லை.

மதிப்பை எண்ண முடியுமா என்று சிலர் ஐயுறலாம். முடியும். 2011-12 இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் எவரேனும் தீண்டாமை பார்க்கின்றனரா என்று நாடெங்கும் வீடுவீடாகக் கேட்டனர். இல்லை என்றோரிடம், பட்டியல் சாதியார் தங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் புழங்கலாமா என்றும் கேட்டனர். நூற்றுக்கு 27 வீட்டார் தீண்டாமை உண்டு என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டனர். அரசியலமைப்பு 17 ஆம் பிரிவின்வழித் தீண்டாமையை ஒழித்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின் கிடைத்த கணக்கு இது!

கணக்கெடுப்பது அரசின் வேலை, நமக்கென்ன என்று வாளா இருத்தல் ஆகாது. 1932 இல் வாக்குரிமை குறித்து ஆராய்ந்த லோதியன் குழுவின்முன், சில மாகாணங்களில் தீண்டத்தகாதார் மிகச் சிலரே என்று வாதிட்டனர். அக்குழுவின் உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர் தனிக்குறிப்பு எழுதி அதனை மறுத்தார். எண்ணிக்கையில் இல்லாதவனுக்கு உரிமையிலும் பங்கில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே, இளைஞர்களே, நம் சங்கம் ஊர்தோறும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும் என வேண்டுகிறேன். அதில் நான்கு தலைப்புகள் போதும்.

முதலாவது, உயிர். பிறந்த குழந்தைகள் எத்தனை, ஓராண்டு நிறையுமுன் இறந்தவை எத்தனை? சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறக்கப்பட்டு மாண்டவர் உளரா?

இரண்டாவது, கல்வி. பள்ளியிற் சேர்ந்தோர் தொகை மட்டும் போதாது. பத்தாம் வகுப்பை முடித்தோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எந்த வகுப்பில், எக்காரணத்தால் நின்றனர்? பெண்மக்களின் கணக்கைத் தனியே எழுதுங்கள்.

மூன்றாவது, வாழ்வாதாரம். நிலம், வீட்டுமனைப் பட்டா, கடன், மாதச் சம்பளம். 1892 ஆணையின்படி நம்மவர்க்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஊரில் உண்டா? இன்று அது யார் கையில்?

நான்காவது, மதிப்பு. தேநீர்க் கடையில் குவளை ஒன்றா, இரண்டா? கோயில், பொதுப்பாதை, சுடுகாடு, முடிதிருத்தும் நிலையம் ஆகியவை திறந்துள்ளனவா? நம்மவர் ஊராட்சித் தலைவரானால் நாற்காலியில் அமர்கிறாரா? பட்டம் பெற்ற நம் பிள்ளையை, உடன் பயின்றோர் நிகராக நடத்துகின்றனரா?

முதல் மூன்றிலும் உயர்ந்து நான்காவதில் தேங்கி நின்றால், அதனை முழு முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காவதைப் பேசிப்பேசி முதல் மூன்றைக் கைவிடவும் செய்யாதீர்கள். பள்ளியை விட்டு நின்ற சிறுமிக்கு மேடைமுழக்கம் உதவாது. நான்கையும் ஒருசேர எழுதி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று ஊரார் கூடிய அவையில் உரக்கப் படியுங்கள். குறைந்த எண்ணை மறைக்க வேண்டா. அடுத்த ஆண்டு எங்கு உழைக்க வேண்டும் என்பதை அக்குறைந்த எண்ணே காட்டும்.

இச்சங்கம் நமக்கு எழுத்தைக் கற்பித்தது. அவ்வெழுத்தைக் கொண்டு நம் கணக்கை இனி நாமே எழுதுவோம். பொன்விழாக் காணும் தலைமுறை அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, உண்மையை அறிந்து மேலே நடக்கட்டும்.