மதிலில்லா ஊரின் மதில்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

நிலத்தையும் வாழ்வையும் பிரிக்காமல் பாடியது தமிழ் மரபு. மலைக்கு ஓர் ஒழுக்கம், காட்டுக்கு ஓர் ஒழுக்கம், வயலுக்கு ஓர் ஒழுக்கம் என வகுத்த அம்மரபில் வளர்ந்தோர், வயலும் ஆகாமல் நகரும் ஆகாமல் இடையே நிற்கும் புதிய நிலம் ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். பெருநகரின் ஓரத்தே செல்வர் வாழும் புறநகர்ச் சிற்றூரே அந்நிலம். அதன் வாழ்வு எத்தகையது என்பதை, அமெரிக்க நாட்டின் ஓக் பார்க் என்னும் ஊரைக் கொண்டு காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஊரும் பெயரும்

சிகாகோ நகரின் நடுப்பகுதிக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஓக் பார்க். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 54,000க்கும் மேற்பட்டோர். எனினும், இல்லினாய் மாநிலச் சட்டம் அதனைச் சிற்றூர் என்றே வகைப்படுத்துகிறது. 1902ஆம் ஆண்டில் அது தனி ஊராயிற்று.

சிற்றூர் என்றதும் தமிழ்ச் செவிக்கு ஏரியும் வயலும் ஆலமரத்தடியும் நினைவுக்கு வரும். ஓக் பார்க்கில் உழவும் இல்லை, களத்துமேடும் இல்லை. காலையில் தொடர்வண்டி ஏறிச் சிகாகோவில் பொருளீட்டி, மாலையில் மரநிழல் தெருவுக்குத் திரும்புவோரின் ஊர் அது. அங்குச் 'சிற்றூர்' என்னும் சொல் குறிப்பது தொழிலை அன்று, உரிமையை. தனக்கென ஒரு மன்றம், தனக்கென வரி, தனக்கென விதி என்பதே அதன் பொருள். பெருநகரின் வாய்ப்புகளைத் துய்க்கலாம். அதன் சுமைகளிலிருந்து விலகியும் நிற்கலாம்.

விதிகளும் நுண்ணியவை. 1973 வரை அவ்வூரில் மது விற்பனைக்கு இடமில்லை. நள்ளிரவுக்குப் பின் தெருவோரத்தில் வண்டி நிறுத்துவதற்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு. விருந்தினர் இரவு தங்கினால், அவர் வண்டிக்கும் இசைவு பெறவேண்டும். அமைதி அங்கு இயற்கையின் கொடையன்று, விதிகளால் விளைவிக்கப்படுவது.

வீடும் வாயிலும்

கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் 1889இல் அங்கு வீடு கட்டி, 1909 வரை வாழ்ந்தார். அவர் வடித்த ஏறத்தாழ 25 கட்டடங்கள் அவ்வூரில் உள்ளன. தாழ்ந்து அகன்ற கூரைகள், நிலத்தோடு படிந்து நீளும் கோடுகள், ஒளியை வடிகட்டும் கண்ணாடிச் சாளரங்கள், நடுவில் குடும்பம் கூடிக் குளிர்காயும் கணப்பு என அவை அமைந்துள்ளன. 1908இல் நிறைவுற்ற அவருடைய யூனிட்டி வழிபாட்டுக் கூடம் 2019இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. அவ்வூர்த் தெருக்களில் முன்மதில்கள் அரியவை. ஒரு வீட்டின் புல்வெளி அடுத்த வீட்டின் புல்வெளியோடு கலந்து ஓடும். ஆயினும் ரைட் கட்டிய வீடுகள் பலவற்றில் வாயில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. யூனிட்டி கூடத்தின் வாயிலும் பெருந்தெருவை நோக்கி அமையவில்லை. முற்றம் திறந்தும் வாயில் மறைந்தும் இருக்கும் இவ்வியல்பு, ஊரின் இயல்பாகவும் இருந்தது.

1899இல் பிறந்த இருவர்

எர்னஸ்ட் ஹெமிங்வே 1899இல் அவ்வூரில் பிறந்தார். தந்தை மருத்துவர்; தாய் இசை பயிற்றுவித்தவர். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் 1917இல் கல்வி முடித்து வெளியேறினார். போரையும் கடலையும் எழுதிய அவர், பிறந்த ஊரைக் களமாகக் கொண்டு ஒரு புதினமும் எழுதவில்லை. உள்ளே பிறந்தவருக்கு அந்த அமைதி போதவில்லை போலும்.

அதே 1899இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர் பெர்சி ஜூலியன். அவருடைய பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்ற இக்கறுப்பின வேதியியலறிஞர், 1935இல் கண் நோய்க்குரிய மருந்துப் பொருளொன்றைச் செயற்கையாக உருவாக்கிப் புகழ்பெற்றார். 1950இல் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். குடும்பம் குடியேறுமுன்பே அவ்வீட்டுக்குத் தீவைக்க முயன்றனர். 1951 ஜூனில் வெடிகுண்டு வீசினர். பிள்ளைகளின் படுக்கையறைக்கு அருகே அது வெடித்தது. அண்டை அயலார் சிலர் அவருக்குத் துணைநின்றனர். இரவுகளில் அவரும் மகனும் துப்பாக்கியுடன் காவலிருக்கவும் நேர்ந்தது. ஆயினும் அவர் அவ்வூரை விட்டு அகலவில்லை. 1975இல் மறையும்வரை ஓக் பார்க்கே அவர் ஊர்.

உள்ளே பிறந்தவர் எளிதாக விட்டுச் சென்றதை, வெளியிலிருந்து வந்தவர் உயிரைப் பணயம் வைத்துக் காத்துக்கொண்டார். மறைந்திருந்த வாயில் யாருக்கு அடைபட்டது என்பதை அவ்வீடு காட்டியது.

சட்டமும் அச்சமும்

1960களில் எல்லைத் தெருவுக்கு அப்பால், சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் கறுப்பின மக்கள் குடியேறினர். வீட்டுத் தரகர் சிலர், 'விலை வீழுமுன் விற்றுவிடுங்கள்' என வெள்ளையரை அச்சுறுத்தி, மலிவாய் வாங்கி, கறுப்பினத்தவருக்கு மிகுவிலைக்கு விற்றனர். தெருக்கள் சில ஆண்டுகளில் முற்றிலும் மாறின.

ஓக் பார்க் மாற்று வழி தேடியது. 1968இல் குடியிருப்பில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் முன்னின்று குடியிருப்பு மையம் ஒன்றை நிறுவினார். ஓரினத்தார் ஒரே பகுதியில் குவியாதபடி, வாடகைக்கு வீடு தேடுவோரை மையம் நெறிப்படுத்தியது. 1978இல் வீட்டின் மதிப்பு குறைந்தால் ஈடு தரும் திட்டமும் வந்தது. அச்சத்திற்கே காப்பீடு செய்த ஊர் எனலாம்.

நன்மை விளைந்தது. ஊர் கலந்து வாழக் கற்றது; 2020இல் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் கறுப்பினத்தவர். எனினும் நீதியின் பொருட்டே ஆயினும், மனிதரை நிறத்தால் எண்ணவேண்டியிருந்தது என்பது அத்திட்டத்தின் சங்கடம். ஹெமிங்வே பயின்ற அதே பள்ளியில் கறுப்பின மாணவர் படும் இடர்களை, 2018இல் ஸ்டீவ் ஜேம்ஸ் தம் ஆவணப்படத் தொடரில் காட்டினார். ஒரே தெருவில் வாழ்வது வேறு. ஒரே வாய்ப்பைப் பெறுவது வேறு.

நிறைவாக

1950ஆம் ஆண்டு, ஜூலியன் வீட்டில் தீவைக்க முயன்ற அதே ஆண்டில், சிகாகோவின் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் புலிட்சர் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பரிசு பெற்ற தொகுப்பில், செல்வர் வாழும் பகுதியை வண்டியில் கடந்து செல்வோர் அவ்வீடுகளைப் பார்க்கும் பார்வை ஒரு கவிதையாகியுள்ளது. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்த அக்கண்ணே அந்நிலத்தின் உரிப்பொருளைக் கண்டது. அது முல்லையின் இருத்தலும் அன்று, பாலையின் பிரிவும் அன்று. புகுவதற்கான ஏக்கமும் புகவிடாத அச்சமும் ஆகும்.

இன்று ஓக் பார்க்கின் இரு நடுநிலைப் பள்ளிகளுள் ஒன்று ஜூலியனின் பெயரையும் மற்றொன்று புரூக்ஸின் பெயரையும் தாங்கியுள்ளன. பெயர்கள் உள்ளே வந்துவிட்டன. பெயருக்குரிய நீதியும் முழுமையாக உள்ளே வருகிறதா என்று கேட்கும் கடமை கவிஞர்களுடையது. புல்வெளியின் பசுமையைப் பாடுவோர், அது யாருக்காகப் பசுமையாய் உள்ளது என்றும் வினவுவார்களாக.