கடல் நடுவே கண்ட எலும்புகள்

ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பற்றிப் பேசுவோர் இடிந்த கோபுரங்களையும் நிலவறைகளையும் அவற்றில் உலாவும் ஆவிகளையும் சொல்லி நேயர்களை அச்சுறுத்துவது வழக்கம். அத்தகைய நகரம் ஒன்றின் பெயரை நமது நயினாதீவும் ஒரு காலத்தில் சுமந்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அந்த ஹார்லெம் 1572, 1573ஆம் ஆண்டுகளில் ஸ்பானியப் படையின் முற்றுகைக்குள் ஏழு மாதம் பசியால் வாடிப் பணிந்த ஊர். பணிந்த பின்னர் காவற்படையினரை வெட்டி வெட்டிக் கொலையாளர் கை சலித்ததனால், எஞ்சியோரை இருவர் இருவராகக் கட்டி நீரில் அமிழ்த்தினர் என்பது வரலாறு. டெல்வ்ற் என்ற பெயர் நிலைத்தது, ஹார்லெம் நிலைக்கவில்லை. நயினாதீவுக்கு அதற்கும் பழைய இருட்கதைகள் இருந்தன.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பர் அறிஞர் பலர், உடன்படாதாரும் உளர். சாவக நாட்டுப் பஞ்சம் தீர்க்க அமுதசுரபியுடன் கப்பலேறிய ஆபுத்திரன், காற்று மிகுந்து கப்பல் நின்ற இடமாகிய மணிபல்லவத்தில் இறங்கினான். அவனும் ஏறிவிட்டான் என எண்ணி, இரவிலேயே கப்பல் போயிற்று. எத்தனை பேருக்கும் சோறிடவல்ல பாத்திரம் கையில் இருக்கிறது. உண்பதற்கோ ஓர் உயிர் இல்லை. தான் ஒருவனே உண்டு வாழ மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது கிடந்து உயிர் நீத்தான்.

மறுபிறவியில் அவனே சாவகத்து அரசன் புண்ணியராசன். மணிமேகலையுடன் அத்தீவுக்கு வந்து மணலைத் தோண்டியபோது, கட்டுக் குலையாது கிடந்த தன் முன்னுடம்பின் எலும்பைத் தானே கண்டான். பேய்க்கதை எதிலும் இதனினும் நடுங்கவைக்கும் காட்சி உண்டோ? அருகே வேறு எலும்புகளும் இருந்தன. அவனை மறந்து சென்ற வணிகர் ஒன்பதின்மர், பிழையுணர்ந்து தேடி வந்து, அவன் இறந்தமை அறிந்து தாமும் உண்ணாது மாண்டவர்கள். உன்னையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்தோரையும் கொன்றாய் என்று காவல் தெய்வமாகிய தீவதிலகை அரசனையே குற்றஞ்சாட்டுகிறாள்! அறத்திற்காக இறந்தவனையும் கொலைக்கணக்கிலிருந்து விடாத நெஞ்சம் அக்காப்பியத்தினுடையது.

நாகபூசணி அம்மன் கோயிற் கதையிலும் ஒரு வணிகன் வருகிறான். அம்மனுக்குப் பூக்கொண்டு புளியந்தீவிலிருந்து நீந்தி வந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது. நாகம் கடலிலிருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றொரு கல்லில் அமர்ந்து காத்திருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன், நாகத்தை விட்டுவிடுமாறு வேண்டினான். உன் பொருள் முழுவதையும் அம்மனுக்குக் கொடு, விடுகிறேன் என்றது கருடன், அவனும் இசைந்தான். அவ்விரு கற்களையும் பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று ஊரார் இன்றும் காட்டுவர்.

கருடன் முழுப்பொருளையும் கேட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு கேட்டது அத்துணை அன்று. நயினாதீவிலுள்ள அவனது தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குக் காவல் அளிக்கிறது. உடைந்த கப்பல்களைப் பற்றியும் விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடையுமாயின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோர் அஞ்சி வராதிருந்துவிடலாகாது என்பதே இச்சலுகையின் உட்கருத்துப் போலும். எனினும், கரையொதுங்கிய பொருளைக் கண்டவன் எடுத்துக்கொள்வதே பல நாட்டுக் கடற்கரைகளில் வழக்கமாயிருந்த காலத்தில், கடலில் அனைத்தையும் இழந்து நின்ற அயலானுக்கும் உரிமை உண்டென்று அவனறிந்த தமிழிலேயே எழுதி வைத்தனர்.

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர்; 1788இல் அது மீண்டும் எழுந்தது. உடைந்த கப்பலுக்குப் பங்கு சொல்லும் அந்தக் கல் தப்பியது.