தென்முனைப் பனிமுகிலும் தமிழ்ச் சொல்வளமும்

(காரைக்குடிப் பொழிவின் எழுத்துவடிவம்)



நீரை முகந்துகொண்டது கொண்டல், மேலெழுந்தது எழிலி. முகில் பிறக்கும் முறையையே பெயராக்கிய மொழி தமிழ். அம்மொழியில் அறிவியல் கூறவியலாது என்பார்க்குத் தென்முனை முகிலே விடையாகட்டும்.

15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தே வளி மிக வறண்டது. அங்கு முகில் தோன்றுதல் அரிது. ஆயின், தென்முனைக் குளிர்காலத்தில் ஞாயிறு பல திங்கள் எழுவதில்லை. முனையைச் சுற்றிச் சுழலும் கடுங்காற்று, வெளியிலுள்ள வெம்மை வளி உட்புகாது தடுக்கிறது. சுழியத்திற்குக் கீழ் 78 செல்சியசுப் பாகையளவில் நைட்ரிக் காடியும் நீரும் கூடி நுண்துகளாகின்றன. 85 பாகைக்குங் கீழே நீராவியே பனிக்கட்டித் துகளாகிறது. இதுவே பனிமுகில்.

காண அழகியது, விளைவோ கொடிது. குளிர்ப்பொறிகளினின்று மாந்தர் வெளிவிட்ட வளிகளின் குளோரின், இத்துகள்கள்மேல் கட்டவிழ்கிறது. இளவேனில் ஒளி பட்டதும் ஓசோனைச் சிதைக்கிறது. அவ்விழப்பு 1985-இல் உலகிற்கு வெளிப்பட்டது.

ஓசோன், குளோரின் முதலிய சில பெயர்கள் அயலன. நிகழ்வை விளக்கிய சொற்களோ தமிழ். வள்ளல் அழகப்பர் கொடையால் மின்வேதியியல் ஆய்வகம் எழுந்த ஊர் இது. இங்குப் பயிலும் பிள்ளை இவ்வுண்மையைத் தாய்மொழியிற் கற்கலாகாதோ? ஆங்கிலமின்றி அறிவில்லை என்னும் மயக்கம் ஒழிக! எஞ்சிய சொற்களையும் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கூடி ஆக்குக!