மெழுகு அடைத்த கண்ணாடி



கடலில் மணிக்கணக்கில் நீந்தினால் கை வலிக்கும், குளிரும். இதெல்லாம் நமக்கே தெரியும். கண்ணை யார் நினைக்கிறோம்? உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் கண் எரிச்சல் தாங்காது.

கெர்ட்ரூட் எடெர்லி அதை நினைத்தார். நியூயார்க்கில் இறைச்சிக்கடை வைத்திருந்தவரின் மகள். 1925இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க இறங்கினார்; பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் போனார். இந்தத் தடவை கண்ணில், மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற கண்ணாடி. ஓரமெல்லாம் மெழுகு. ஒழுகுகிற வாளியை மெழுகு உருக்கி அடைப்போமே, அதே வேலைதான். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான்.

1926 ஆகஸ்ட் 6. காலையில் பிரான்சில் இறங்கினார், ராத்திரி இங்கிலாந்தில் கரையேறினார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண். முதல் பெண் மட்டுமா? அவருக்கு முன்னால் கடந்த ஐந்து ஆண்களையும்விட வேகம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! பெண்ணால் ஆகாது என்று எழுதிய பத்திரிகைக்காரர்கள் பாவம்.

கண்ணைக் காத்துக்கொண்ட எடெர்லிக்குக் காதில்தான் குறை. சின்ன வயதில் தட்டம்மை வந்து காது மந்தம். போகப் போகக் கேட்காமலே போய்விட்டது. பிற்காலத்தில் அவர் நீச்சல் சொல்லிக்கொடுத்தது, காது கேளாத குழந்தைகளுக்கு.